சிவப்பு மூடி ஊசி

தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் ஒரு மண்பானை இருக்கிறது. அதற்குள் ஈரமணல், மணலுக்குள் இன்னொரு சின்னப் பானை, அதற்குள் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா. அம்மாவின் இன்சுலின் பாட்டில் அந்த டப்பாவில்தான் இருக்கும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் ஃபிரிட்ஜைவிட அம்மாவுக்குப் பானைமேல் நம்பிக்கை அதிகம். தினமும் காலையில் மணலில் தண்ணீர் தெளிப்பார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கோடு பார்த்து மருந்தை ஏற்றுவார். காலை 20, ராத்திரி 12. ஒன்பது வருஷமாக ஒரு கோடு கூடவோ குறையவோ நான் பார்த்ததில்லை.

அவ்வளவு கவனமான அம்மா மலேசியாவில், அக்கா வீட்டில், ஒரு காலை நேரத்தில் மயங்கிச் சரியப்போனார். தப்பு அம்மாவுடையது இல்லை. தெரிந்துகொள்ளாமல் கூட்டிப்போன என்னுடையது. எங்கள் கரையில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டி இருக்கிறார்கள். அம்மா அப்பாவைக் கொஞ்ச நாள் கூப்பிட்டு வைத்துக்கொள்ளாத பிள்ளைகள் குறைவு. அவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா கிள்ளானில் இருக்கிறார். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 28 நாள் தங்குவதாகத் திட்டம். புளி, கருவாடு, அரிசி மாவு எல்லாம் எடை போட்டுக் கட்டினோம். மருந்துக்கு மட்டும் எடையும் இல்லை, கணக்கும் இல்லை. இன்சுலின் பாட்டில் இரண்டு, ஊசி ஒரு பாக்கெட், மாத்திரைகள் ஒரு துணிப்பை. அந்தப் பையில் பாதி மாத்திரைக்குப் பெயரே கிடையாது. நம்ம ஊர் மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையில் நாலு வெட்டித் தரச்சொல்லி வாங்குவோம் இல்லையா, பெயரும் காலாவதித் தேதியும் வெட்டிய மீதியோடு கடையிலேயே தங்கிவிடும். அம்மாவுக்கு அதெல்லாம் "ரோஸ் மாத்திரை", "பாதியா உடைக்கிற மாத்திரை", "வாயில போட்டா கசக்கிறது".

போய் இறங்கிய மறுநாளே குழப்பம் தொடங்கிவிட்டது. அத்தான் தன் சுகர் மீட்டரில் அம்மாவுக்குப் பார்த்தார். 11.2 என்று காட்டியது. அம்மா சந்தோஷப்பட்டார். "பதினொன்னா? ரத்தம் நல்லாத்தான் ஊறியிருக்கு" என்றார். ஆஸ்பத்திரியில் ரத்த அளவு பார்க்கும்போது சொல்லும் எண் என்று நினைத்துவிட்டார். எனக்கும் விளங்கவில்லை. அத்தான்தான் சொன்னார், இங்கே கணக்கு வேறு, 18ஆல் பெருக்கணும் என்று. பெருக்கிப் பார்த்தால் 200க்கு மேல். நம்ம ஊரில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்கிறோம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மில்லிமோல் கணக்கு. அங்கே 4 என்றால் நமக்கு 72. 7 என்றால் 126. 10 என்றால் 180. 4க்குக் கீழே போனால் ஆபத்தின் வாசல். இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வைத்தேன். அன்றைக்கு அதோடு பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபோது இருந்த ஒரே பாட்டில் விழுந்து உடைந்தது. அக்காவின் சின்ன மகள் தண்ணீர் எடுக்கப் போய்த் தட்டிவிட்டாள். அவளைக் குறைசொல்ல முடியாது, இரண்டு பாட்டிலில் ஒன்று ஏற்கெனவே தீர்ந்திருந்தது, மாற்று இல்லாமல் வைத்திருந்தது நான்தான். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே டாக்டர் சீட்டு எழுதி, நாம் வேறு கடைக்குப் போய் மருந்து வாங்குகிற வழக்கம் குறைவு. தனியார் கிளினிக்கிலேயே மருந்தையும் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் தமிழர். அம்மாவிடம் "எவ்வளவு நாளா இனிப்பு நீர் இருக்கு?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். மலாய்க்காரர்கள் சர்க்கரை நோயைக் கென்சிங் மானிஸ் என்பார்கள். அங்கத்தித் தமிழர்களுக்கு அது இனிப்பு நீர். ஒரே மொழிதான், ஆனாலும் சக்கரை என்று ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மருந்து உள்ளேயே நிரப்பிய இன்சுலின் பேனாவா, பாட்டிலா என்று கேட்டார். அம்மாவுக்குப் பாட்டில்தான் பழக்கம் என்றேன். அம்மா போடுவது 30/70, அதாவது சீக்கிரம் வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த இன்சுலின். அதே எண் போட்ட பாட்டில் கொடுத்தார்கள். அளவு, மூடி, உள்ளே பால்போல் கலங்கல் எல்லாம் நம்ம ஊர்ப் பாட்டில் மாதிரியே. "ஊசி இருக்கா?" என்று கேட்டார்கள். நிறைய இருக்கு என்றேன். அந்தப் பதில்தான் அம்மாவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து 20 கோடு ஏற்றிப் போட்டுக்கொண்டார். இட்லி சாப்பிட்டார். பத்து மணி வாக்கில் அக்கா மகளை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் நாங்கள் சிரித்தோம். அப்புறம் பார்த்தால் ஜாக்கெட் முழுக்க வியர்வை, ஏசி ஓடுகிற அறையில். பேச்சு குழறியது. மீட்டரில் 2.3. சீட்டில் ஒட்டி வைத்த எண்கள் அப்போது உதவின, 41 என்று உடனே புரிந்தது. அக்கா அவசரமாக மைலோ, நம்ம ஊர் பூஸ்ட் மாதிரி ஒரு பானம், கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து 2.9. அதற்குப் பிறகு மறுபடி இறங்க ஆரம்பித்தது. அத்தான் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அம்மாவுக்கு நினைவு தெளிந்ததும் அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் ஒருவர், அவரும் தமிழ்தான், "நேத்துவரைக்கும் சரியா இருந்தவங்களுக்கு இன்னைக்கு என்ன மாறிச்சு?" என்று கேட்டார். புது பாட்டில் என்றோம். பாட்டிலையும் ஊசியையும் கொண்டுவரச் சொன்னார். அத்தான் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார்.

அந்த நர்ஸ் எங்கள் ஊசியையும் அவர்கள் ஊசியையும் மேஜைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். எங்களுடையதற்குச் சிவப்பு மூடி. அவர்களுடையதற்கு ஆரஞ்சு மூடி. நீளம், கனம் எல்லாம் ஒன்றே. இரண்டும் முழுசாக நிரம்பினால் ஒரு மில்லிதான். ஆனால் எங்கள் ஊசியில் கடைசிக் கோட்டின் எண் 40. அவர்கள் ஊசியில் 100. பிறகு பாட்டிலைத் திருப்பி லேபிளில் விரல் வைத்தார். ஒரு மில்லிக்கு 100 யூனிட், இன்சுலினை அளக்கிற கணக்கு அது. நம்ம ஊரில் பாட்டிலில் கிடைக்கிற சாதாரண இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குத்தான் சிவப்பு மூடி ஊசி. வெளியே ரொம்ப நாடுகளில் மில்லிக்கு 100. சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு ஏற்றினால் அரை மில்லி. நம்ம பாட்டிலில் இருந்து எடுத்தால் அது 20 யூனிட். அவர்கள் பாட்டிலில் இருந்து எடுத்தால் 50. அம்மா அன்று காலையில் 50 யூனிட் போட்டிருக்கிறார், இரண்டரை மடங்கு.

தலைகீழாக நடந்தாலும் கெடுதல்தான். அங்கிருந்து ஆரஞ்சு மூடி ஊசியை வாங்கி வந்து இங்கே நம்ம பாட்டிலில் ஏற்றினால் மருந்து பாதிக்கும் குறைவாகப் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. அதனால் பாட்டிலையும் ஊசியையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். "ஊசி இருக்கா?" என்று கேட்டால், இருக்கிற ஊசியை எடுத்துக் காட்டுங்கள். பாட்டிலில் மில்லிக்கு எத்தனை யூனிட் என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

மைலோ பற்றியும் அந்த நர்ஸ் ஒன்று சொன்னார். பால், கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் சேரும். வெறும் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுத்துவிட்டு, 15 நிமிஷத்தில் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுப்பதுதான் வேகமான வழி. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அந்த நேரம் ஆம்புலன்ஸுக்குத்தான் போன் செய்ய வேண்டும். மலேசியாவில் 999. நாங்கள் காரில் போனது பக்கத்தில் இருந்ததால் மட்டும்.

30/70 வகை இன்சுலின் ஒரு நாள் வரைக்கும் வேலை செய்யும் என்பதால் அம்மாவை மறுநாள் காலைவரை வைத்துப் பார்த்தார்கள். சேர்க்கும்போதே 2000 ரிங்கிட் முன்பணம். நம்ம காசுக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம். அத்தான் கார்டில் கட்டினார். டிக்கெட்டோடு சேர்த்து எடுத்த பயணக் காப்பீடு இருந்தது. பிற்பாடு அவர்களிடம் கேட்டபோது, முன்பே இருந்த நோய் என்று சொல்லிக் கொஞ்சம்தான் தந்தார்கள். கோபம் வந்தது உண்மைதான். பாலிசியை விரித்துப் படித்தபோது அதில் அப்படித்தான் எழுதியிருந்தது. வயசானவர்களுக்கு எடுக்கும்போது சக்கரை, பிரசர், இதய நோய் எதையும் மறைக்காமல் எழுதி, இருக்கிற நோய்க்கும் எந்த அளவு தருவார்கள் என்று கேட்டு எடுங்கள். விலை கூடத்தான் செய்யும். சேர்ப்பதற்கு முன்னாலோ, முடியாவிட்டால் சேர்த்த உடனேயோ அவர்களின் 24 மணி நேர எண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். அதை நாங்கள் செய்யவில்லை. பில், ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் அசலாக வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டபோது எங்கள் துணிப்பையைக் கொட்டினேன். வெட்டிய அட்டைகளை அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிராண்டு பெயர் முழுசாக இருந்தவையும் பயன்படவில்லை, நம்ம ஊர்க் கம்பெனி வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அதில் இரண்டு அட்டையை மட்டும் பார்த்த உடனே எழுதிக்கொண்டார்கள். அவை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த மாத்திரைகள். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாசாமாசம் வருகிற அட்டையில் மருந்தின் சொந்தப் பெயரே அச்சடித்திருக்கும். மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5. உலகத்தில் எந்த மருந்துக் கடைக்காரருக்கும் புரிகிற பெயர் அது. கவர்ன்மெண்ட் மாத்திரை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் துபாயில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பிரசர் மாத்திரை தீர்ந்துவிட்டது. இரண்டு மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை அது. பெட்டியைக் காட்டினால் கடையில் இல்லை என்றார்கள். மகன் அதில் பொடி எழுத்தில் இருந்த டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 என்பதைப் படித்துச் சொன்னதும், டாக்டரிடம் காட்டித் தனித்தனி மாத்திரையாக வாங்க முடிந்தது. பெயரும் மில்லிகிராமும் போதும். காய்ச்சல் மாத்திரைகூட அப்படித்தான். நாம் டோலோ என்போம், அங்கே பனடால் என்பார்கள், இரண்டும் பாராசிட்டமால். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் கல்லீரலுக்குக் கேடு.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் அங்கே பிரச்சினை உடம்போடு நிற்காது. முதுகுவலிக்கு இங்கே எழுதுகிற டிரமடால், நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரகாபலின், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தருகிற அல்பிரசோலம், குளோனசிபம், கோடீன் கலந்த இருமல் மருந்து, இவையெல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்துகள். போவதற்கு முன்பே அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் டாக்டர் சீட்டோடு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் போதைப்பொருள் வழக்காகவே ஆகலாம். கசகசாவும் அங்கே தடை. குழம்பு மசாலாவில் அரைத்துக் கலந்து அனுப்பும் வீடுகள் நம்மிடம் உண்டு, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது பயணம் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால் தெருவே பார்சலோடு வரும். "என் மகனுக்கு இடுப்புவலி, இந்த மாத்திரையை மட்டும் குடுத்துரு ராசா" என்று ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டால் எப்படி மறுப்பது? மனசு கேட்காது. ஆனால் விமான நிலையத்தில் பையைத் திறந்தால் அது கொண்டுபோகிறவருடைய மருந்து, கேள்வியும் வழக்கும் அவருக்குத்தான். அடுத்தவர் பெயர்ச் சீட்டில் இருக்கும் மருந்தை நான் இப்போது வாங்குவதில்லை. பெரியம்மாவிடம் உட்கார்ந்து பேசி, அந்த மருந்தின் சொந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன், மகன் அங்கேயே டாக்டரிடம் காட்டி வாங்கிக்கொள்ளட்டும் என்று. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

பக்கத்துப் பயணம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அதை வெளிநாடு என்று நினைப்பதே இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் போகிறோம், இரண்டு நாளில் வருகிறோம். ஆனால் அது இலங்கை மண், குடியிருப்பு இல்லாத தீவு, குடிதண்ணீரும் கிடையாது. மருந்துக் கடையை அங்கே எங்கே தேடுவது? படகு கிளம்பவும் சாப்பாடு கிடைக்கவும் நேரம் தப்பும். சக்கரைக்காரர்கள் மூன்று நாள் மருந்தும், மடியில் கொஞ்சம் சர்க்கரையும் பிஸ்கட்டும் இல்லாமல் படகில் ஏறக் கூடாது.

இந்த வருஷம் அம்மா மறுபடியும் கிள்ளான் போகிறார். இந்த முறை ராமநாதபுரத்தில் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கினோம். என்ன நோய், ஒவ்வொரு மருந்தின் சொந்தப் பெயர், அளவு, எத்தனை வேளை, ஊசி கொண்டுபோவது எதற்காக, எல்லாம் ஒரு பக்கத்தில். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மாவின் பெயருக்கு முன் ஒரே எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கிறது. பார்க்கிற அதிகாரிக்கு இரண்டும் இரண்டு ஆள். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே பெயரை மாற்றி எழுதி வாங்கினேன்.

மாத்திரை எல்லாம் வெட்டாத முழு அட்டை, பில்லோடு. தங்கும் நாளுக்கு மேலே பத்து நாளுக்குச் சேர்த்து. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்குச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான். பெட்டியில் போட்டுக் கீழே ஏற்றினால் குளிரில் உறையலாம், ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. ஐஸ் வைத்தால் பாட்டில் ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்ற வேண்டும். திறந்த பாட்டில் வெயில் படாத அறையில் 28 நாள் தாங்கும். இரண்டு பாட்டிலை ஒரே பையில் வைக்காமல் அம்மா பையில் ஒன்றும் என் பையில் ஒன்றும் வைத்தேன். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் என்பதால், போய் இறங்கும் நாளில் ஊசி எத்தனை மணிக்கு என்றும் டாக்டரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் எண்களையும் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதி நகல் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடுக்க. மலேசியா 999, சிங்கப்பூர் 995, அமீரகம் 998, சவூதி 997, இலங்கை 1990. உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்னதாகவே போட வேண்டும் என்று கூடுதலாக ஒரு வரி.

நேற்று சாயங்காலம் அம்மா பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளை வாசித்துக்கொண்டிருந்தார். "மெட்... ஃபார்... மின்" என்று எழுத்துக் கூட்டினார். "ரோஸ் மாத்திரைக்கு இவ்வளவு பெரிய பேரா?" என்றார். அப்புறம் மிச்சம் இருந்த ஊசிப் பாக்கெட்டை எடுத்து மூடியின் நிறத்தைப் பார்த்தார். நம்ம பாட்டில் இரண்டுக்கும் தேவையானதை எண்ணி எடுத்துப் பாட்டிலோடு ரப்பர் பேண்டில் கட்டினார். மீதியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "அங்க பாட்டில் வாங்குனா ஊசியும் அங்கனயே வாங்கணும், அக்காகிட்ட இப்பவே போன் போட்டுச் சொல்லுத்தா" என்றார்.